ஊருக்கொரு புள்ளர்

வன்னியில் எந்தச் சந்தியில் இறங்கினாலும் ஒரு மோட்டார் சைக்கிள் கராச் இருக்கும். தகரக் கொட்டில், ஒயில் ஊறிக் கறுத்த மண்தரை, வாசலில் சாய்ந்து நிற்கும் இரண்டு மூன்று மோட்டார் சைக்கிள்கள். உள்ளே ஸ்பனர் செட், குறடு, சுத்தியல், காற்றடிக்கும் கம்பிறசர். அன்றாடம் வருகிற வேலைக்கு இவ்வளவும் போதும். ஒயில் மாற்றலாம், பிறேக் கட்டை போடலாம், செயின் இறுக்கலாம். ஆனால், என்றைக்காவது ஒரு நாள் மக்னற்றைக் கழற்றவேண்டிய வேலை வந்து சேரும். அன்றைக்குத்தான் சிக்கல்.

மக்னற் என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சில்லு, கிராங் தண்டின் கூம்பான முனையில் இறுகி உட்கார்ந்திருப்பது. நடுவில் உள்ள நட்டைக் கழற்றினாலும் அது அசையாது. அதை எடுப்பதற்கென்றே ஒரு புள்ளர் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் உருக்குத் துண்டு. அதன் வெளிப்புரி மக்னற்றின் உட்புரியில் ஏறும். நடுவில் இருக்கும் போல்ட்டை இறுக்க இறுக்க அது கிராங் முனையைத் தள்ளும். ஒரு கட்டத்தில் டக்கென்று சத்தம் கேட்கும், மக்னற் கையோடு வரும். சில நிமிட வேலை.

புள்ளர் இல்லாத கராச்சில் சுத்தியல்தான். பின்பக்கம் இரண்டு ஸ்குறூ ட்ரைவரைக் கொடுத்து நெம்பிக்கொண்டு முன்பக்கம் தட்டுவார்கள். சில வேளை வந்துவிடும். வராதபோது மக்னற்றுக்குள் இருக்கும் காந்தம் வெடிக்கும், கிராங் முனையின் புரி நசியும், கிராங் தன் நேரிலிருந்து விலகும். கிராங் விலகினால் இஞ்சினை இரண்டாகப் பிளந்துதான் திருத்தவேண்டும். மக்னற்றின் பின்னாலுள்ள செப்புச் சுருள் ஒன்றை மாற்ற வந்தவர், பாதி இஞ்சினுக்குக் காசு கட்டிவிட்டுப் போகிறார். புள்ளர் இல்லாததன் செலவு கராச்காரரின் தலையில் விழுவதில்லை, வாகனத்தின் சொந்தக்காரர் தலையில்தான் விழுகிறது.

ஒரேயொரு வேலைக்கு மட்டும் உதவும் சாமானைக் காசு கொடுத்து வாங்குவதா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. வீட்டுக்காரருக்கும் எழுகிறது, கராச்காரருக்கும் எழுகிறது. பெரும்பாலும் வருகிற பதில், வீண்செலவு என்பது. அந்தப் பதில் தவறு. சரியான கருவி இல்லாமல் கெடுகிற பொருளின் விலையை எடுத்துப் பார்த்தால், கருவியை வாங்குவதே மலிவு. பிழை, யார் வாங்குவது என்பதில் நடக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்கி, ஒரு தரம் பாவித்து, ஒரு மூலையில் போட்டுக் கறல் பிடிக்க விடுகிறார்கள். அடுத்த ஒழுங்கையில் இன்னொருவர் அதே சாமானைத் தேடி யாழ்ப்பாணம் பஸ் ஏறுகிறார்.

வன்னியின் பரப்பையும் ஆட்களின் தொகையையும் பார்த்தால் இந்தச் சிக்கலின் வேர் தெரியும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 92,000 பேர். அந்த மாவட்டத்தின் பரப்போ 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். கிளிநொச்சியில் சுமார் 1,13,000 பேர், வவுனியாவில் 1,72,000 பேர். மூன்று மாவட்டங்களையும் சேர்த்தாலும் நான்கு லட்சம் வரவில்லை. அதே கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டம் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றருக்குள் 5,83,000 பேரைக் கொண்டிருந்தது. சனம் நெருங்கி வாழும் இடத்தில் அரிய கருவியை வைத்து ஒருவர் பிழைக்கலாம். இஞ்செக்டர் மட்டும் பார்ப்பவர், கிராங் மட்டும் பார்ப்பவர் என்று ஆட்கள் உருவாகலாம். துணுக்காயிலோ கொக்கிளாயிலோ அப்படி ஒருவர் கடை போட்டால், மாதத்தில் எத்தனை நாள் அவருக்கு வேலை வரும்? அதனால் வன்னிக் கராச்சில் ஒரே ஆள் மோட்டார் சைக்கிளும் பார்க்கவேண்டும், நீர்ப்பம்பியும் பார்க்கவேண்டும், லான்ட்மாஸ்டர் எனும் இருசில்லு உழவு இயந்திரமும் பார்க்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாமான். புள்ளரிலேகூட ஒரு மாதிரி மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்துவது இன்னொன்றில் ஏறாது. புரியின் அளவு மாறும், சிலவற்றில் புரி சுற்றும் பக்கமே மாறும்.

விலையும் சும்மா இருக்கவில்லை. 2022 இன் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவை ஒட்டி நின்றது. மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டபின் சில வாரங்களிலேயே 300 ஐத் தாண்டி, மே மாதத்தில் 360 வரை போனது. பிறகு இறங்கியதே தவிரப் பழைய இடத்துக்கு வரவில்லை. அதே 2022 மே வரை 8 சதவீதமாக இருந்த வற் வரி, 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரி 1 இல் 18 சதவீதத்தில் வந்து நின்றது. கருவி என்று கடையில் இருப்பவற்றில் பெரும்பகுதி கப்பலில் வருவது. டொலரும் வரியும் ஏறினால் அதன் விலையும் ஏறும்.

திருத்த வேலையோ குறையவில்லை, கூடியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் ஊரில் ஓடியவை பழைய வாகனங்கள். முன்பென்றால் விற்றுவிட்டு வேறு வாங்கியிருக்கக்கூடிய மோட்டார் சைக்கிளுக்கு இஞ்சின் கட்டினார்கள். வேலையும் கூடிக் கருவியின் விலையும் கூடிய அந்த வருடங்களில், ஊரில் சுத்தியலின் பாவனை கூடியதில் வியப்பில்லை.

ஒன்றுமில்லாமல் சமாளிப்பது வன்னிக்குப் புதிதும் அல்ல. 1990 இல் போர் மீண்டும் தொடங்கியபின் 2002 போர்நிறுத்தம் வரை, பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு என்று நீண்ட தடைப்பட்டியலின் கீழ் வாழ்ந்த நிலம் இது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது, பழைய ஒஸ்ரின் கார் ஓடியது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் திரியை நிறுத்திப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். அந்த நாளில் கருவி வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தேவையானதைச் செய்துகொண்டார்கள். லொறியின் வில்லுத்தகடு கத்தியாகவும் உளியாகவும் மாறியது. லேத் பட்டறைக்காரர் கையில் ஊரின் பாதி வாகனம் உயிரோடிருந்தது.

அந்தக் கைத்திறன் இன்னும் இருக்கிறது, அதை விட்டுவிடக்கூடாது. லான்ட்மாஸ்டரின் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இஞ்சினில் தேய்ந்த லைனரை எடுப்பதற்குக் கடையில் புள்ளர் தேடி அலையத் தேவையில்லை. லைனரின் கீழ் விளிம்பில் அமரும்படி கடைந்த வட்டத் தகடு ஒன்று, அதன் நடுவால் ஏறும் நீளப் புரிக்கம்பி, மேலே சிலிண்டர் முகத்தில் தாங்கி நிற்கும் குறுக்குச் சட்டம், ஒரு தடித்த நட்டு. நட்டை இறுக்கினால் லைனர் நேராக மேலே வரும். அளவைச் சொன்னால் லேத் பட்டறையில் செய்து தருவார்கள். கப்பலில் வந்ததைவிட அது உறுதியாகவும் இருக்கும். பெயாரிங் புள்ளரில் பல வகைகளையும் அப்படியே செய்யலாம். தகடு, இரண்டு நீளப் போல்ட், நடுவில் ஒரு தள்ளு போல்ட். இவ்வளவுதான் அதன் கட்டு.

ஆனால் சமாளிப்புக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையைச் சொல்லாமல் பழைய காலத்தைப் பெருமையாகப் பேசிக்கொண்டிருப்பது ஊருக்கு நன்மை செய்யாது. இழுப்பதும் தள்ளுவதும் செய்கிற கருவியை ஊரில் செய்யலாம். அளக்கிற கருவியைச் செய்யமுடியாது. சிலிண்டரின் தேய்மானத்தை மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குவரை காட்டும் கேஜ், போல்ட்டை எவ்வளவு இறுக்கினோம் என்று சொல்லும் டோர்க் றெஞ்ச், இஞ்செக்டர் எந்த அழுத்தத்தில் பீச்சுகிறது என்று பார்க்கும் பம்ப் ஆகியவற்றைப் பட்டறையில் கடைந்தெடுக்க முடியாது. சிலிண்டர் தலையின் போல்ட்டுகளைக் கைக்கணக்கில் இறுக்குகிற பழக்கம் இன்றைக்கும் பரவலாக இருக்கிறது. அனுபவப்பட்ட கை பெரும்பாலும் சரியாகவே இறுக்கும். ஆனால் ஒரு போல்ட் கூடவும் ஒரு போல்ட் குறையவும் இறுகினால் தலை வளையும், கஸ்கெற் எரியும். அது எரிவது கராச்சில் இல்லை. காலபோகத்துக்கு முதல் மழை விழுந்து, இரணைமடுவின் கீழும் வவுனிக்குளத்தின் கீழும் எல்லோரும் ஒரே நேரத்தில் உழவுக்கு இறங்கும் கிழமையில், வயலின் நடுவில். உழவு பிந்தினால் விதைப்புப் பிந்தும். இஞ்சின் திருத்துகிற கூலியை விட அந்தப் பிந்தலின் இழப்புப் பெரிது.

இன்னொரு வகையும் இருக்கிறது, பிழைத்தால் ஆளையே கொல்லும் கருவிகள். கிணற்றுக்குள்ளிருந்து பம்ப் தூக்கும் செயின் புளொக், உழவு இயந்திரத்தைத் தாங்கும் ஜக், பாதுகாப்பு மூடி கழற்றிய கிறைண்டர். இவற்றில் சமாளிப்புக்கு இடமே இல்லை. மலிவு என்பதற்காகப் பெயர் தெரியாத ஒன்றை வாங்குவதற்கும் இடமில்லை. ஒரு வேலைக்குத்தானே என்று வாங்கும் ஜக், அந்த ஒரு வேலையில்தான் ஆள் கீழே கிடக்கும்போது இறங்கும். வாங்கினால் தரமானது, இல்லாவிட்டால் வாடகைக்கு எடுப்பது. இரண்டுக்கும் வசதியில்லை என்றால், அதை வைத்திருப்பவரிடமே வேலையைக் கொடுத்துவிடவேண்டும்.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது என்ற கணக்கு வன்னிச் சனத்துக்குத் தெரியாததும் அல்ல. மீள்குடியேற்றத்தின் பின் வீடு கட்டிய காலத்தை நினைத்தால் போதும். இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் 45,000 வீடுகளுக்கான பெரும் கட்டம் 2012 ஒக்டோபர் 2 இல் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, பயனாளியே முன்னின்று கட்டவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. வாழ்க்கையில் ஒரு தரம் மட்டும் வீடு கட்டும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் ஒரே வருடங்களில் கட்டுமானத்துக்கு இறங்கின. மண்வெட்டியும் தள்ளுவண்டிலும் வாங்கினார்கள். வீடு முடிந்தபிறகும் அவை தோட்டத்துக்கு உதவின. கொங்கிறீற் போடும் மிக்ஷர் மெசினையும் தட்டுப் பலகைகளையும் வாடகைக்கு எடுத்தார்கள். யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதுபோலவே வெட்டு மெசினை எந்தச் சிறு கமக்காரரும் வாங்குவதில்லை. அறுவடைக்கு மெசின் தானே ஊர்தேடி வருகிறது, ஏக்கர் கணக்கில் காசு கட்டுகிறார்கள்.

உதவி கொடுத்தவர்களும் இதே பிரிவினையை வைத்திருந்தார்கள். போர் முடிந்தபின் இந்தியா வடக்குக்குக் கொடுத்தவற்றில் 95,000 விவசாயக் கருவிப் பொதிகள் இருந்தன, 500 உழவு இயந்திரங்களும் இருந்தன. பொதி குடும்பத்துக்கு, உழவு இயந்திரம் பொது அமைப்புக்களுக்கு. மண்வெட்டி ஒவ்வொரு நாளும் கையில் எடுப்பது, அது தனிச் சொத்தாக இருக்கவேண்டும். உழவு இயந்திரம் பெரியது, அதைப் பொதுவில் வைத்தால் ஊருக்கே உழலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தட்டு இருக்கிறது. அன்றாடம் தேவைப்படாதது, அதே நேரத்தில் வாடகைக்கு விட்டு எவரும் பிழைக்கமுடியாத அளவு சிறியது. மக்னற் புள்ளர், லைனர் புள்ளர், வால்வ் ஸ்பிறிங் அமத்தி, டோர்க் றெஞ்ச், குழாய்க்குப் புரி வெட்டும் டை, பிளாஸ்ரிக் குழாயைச் சூடாக்கி ஒட்டும் மெசின், தரையோடு வெட்டும் கட்டர், மின்கம்பியில் ஒழுக்குப் பார்க்கும் மீற்றர். வெட்டு மெசின்காரர் ஒரு அறுவடையில் தன் முதலை எடுக்கத் தொடங்கிவிடுவார். புள்ளரை வாடகைக்கு விடுகிறவர் ஒரு மாதத்தில் ஒரு தேநீர்ச் செலவைக்கூடப் பார்க்கமாட்டார். அரசும் இந்தத் தட்டைப் பார்க்கவில்லை, தொண்டு நிறுவனங்களும் பார்க்கவில்லை, சந்தையும் பார்க்கவில்லை. ஊரின் பழுதுகளில் பெரும்பங்கு இந்தத் தட்டில்தான் சிக்கி நிற்கிறது.

கடற்கரையில் இது இன்னும் கூர்மை. முல்லைத்தீவு, அளம்பில், சிலாவத்தை, கொக்குத்தொடுவாய்க் கரைகளில் வெளிஇணைப்பு இயந்திரம் இல்லாத தொழில் குறைவு. உப்புக்காற்றும் உப்புநீரும் பட்ட போல்ட் இறுகிப்போய்விடும். சாதாரண ஸ்குறூ ட்ரைவரால் திருகினால் தலை உருண்டு போகும். அதற்கென்று தட்டும்போதே திரும்புகிற ஸ்குறூ ட்ரைவர் ஒன்று இருக்கிறது. பின்னால் சுத்தியலால் ஓர் அடி, முனை அழுத்திக்கொண்டே சிறிது திரும்பும், கறல் விடும். பிளைவீலைக் கழற்ற இங்கேயும் புள்ளர்தான். இயந்திரம் நின்றால் படகு கரையில், படகு கரையில் நின்றால் அன்றைய வருமானம் இல்லை. 2022 ஓகஸ்ட்டில், இந்த இயந்திரங்களுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானபின், கையில் மிச்சம் பிடித்து ஒரு தொழிலாளி தனக்கென்று கருவி வாங்குவது இன்னும் கடினமானது. அந்த ஸ்குறூ ட்ரைவரும் புள்ளரும் ஒவ்வொரு படகுக்காரரிடமும் இருக்கவேண்டியதில்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் அலுமாரியில் ஒரு சோடி இருந்தால் கரை முழுவதற்கும் போதும்.

அதற்கான வழக்கத்தை எங்கிருந்தும் இறக்குமதி செய்யத் தேவையில்லை. வன்னியில் சனசமூக நிலையம் ஊருக்கு ஊர் இருக்கிறது. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு என்று வேறு சங்கங்களும் இருக்கின்றன. கல்யாண வீடோ செத்த வீடோ, கதிரையும் கிடாரமும் பெரிய தாச்சியும் பந்தல் துணியும் சங்கத்திலிருந்தே வருகின்றன. ஐந்நூறு பேருக்குச் சோறு வடிக்கும் கிடாரத்தை எந்த வீட்டுக்காரரும் சொந்தமாக வாங்குவதில்லை. கொப்பியில் கையெழுத்து வைத்து எடுக்கிறார்கள், கழுவித் திருப்பிக் கொடுக்கிறார்கள், நெளிந்தால் தண்டம் கட்டுகிறார்கள். தலைமுறையாக நடந்துவரும் ஏற்பாடு இது. அந்த அறையிலேயே ஒரு இரும்பு அலுமாரி வைத்து, அதே கொப்பியில் இன்னும் நாலு பக்கம் ஒதுக்கினால், ஒரு வேலைச் சாமான்களும் ஊருக்குப் பொதுவாகிவிடும்.

உலகத்தில் இதை வேறு பெயரில் செய்கிறார்கள். அமெரிக்காவின் பேர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் புத்தகத்தோடு கருவிகளையும் இரவல் கொடுக்கிறது. ஊர்வாசி நூலக அட்டையைக் காட்டி ஏணியையும் டிறிலையும் எடுத்துப் போகலாம். தமிழர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவில் 2013 இல் ஒரு கருவி நூலகம் தொடங்கியது. இன்னொரு வழி வணிகர்களுடையது. ஓட்டோசோன் என்ற அமெரிக்க உதிரிப்பாகக் கடைச் சங்கிலியில் சிறப்புக் கருவிகளைக் கடனாகத் தருகிறார்கள். கருவியின் விலையை முற்பணமாகக் கட்டவேண்டும், திருப்பிக் கொடுத்ததும் முழுக்காசும் கைக்கு வரும். கடைக்காரருக்கு நட்டமில்லை. புள்ளர் கிடைத்தால்தான் வாடிக்கையாளர் பெயாரிங் வாங்குவார்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர்கள் இந்த இரண்டாவது வழியை நாளைக்கே தொடங்கலாம். பெயாரிங் விற்கிற கடையில் அதை ஏற்றி இறக்கும் கருவியும் முற்பணத்துக்குக் கிடைத்தால், வாங்குபவர் அந்தக் கடையைத் தேடித்தான் வருவார்.

சங்கத்து அலுமாரி என்றதும் எழும் மறுப்புகள் வெறும் சாக்குகள் அல்ல. முதலாவது, இரவல் சண்டை. டிறிலைக் கொடுத்து அலகு உடைந்து திரும்பி வாங்கிய அயலவர்கள், அதன்பின் முகம் பார்த்துப் பேசாமல் போன கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அதனால்தான் அயலவர் கையிலிருந்து அதைச் சங்கத்துக்கு மாற்றவேண்டும். அயலவரிடம் முற்பணம் கேட்க வாய் வராது. சங்கம் கேட்கலாம். இரண்டாவது, நிர்வாகம் மாறும்போது பொருள் காணாமல் போவது. இதுவும் நடக்கிறது. கருவி ஒவ்வொன்றிலும் சங்கத்தின் பெயரை வெட்டிப் பொறிப்பதும், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையோடு அலுமாரியையும் திறந்து காட்டுவதும்தான் அதற்கு வழி. மூன்றாவது, கராச்காரரின் பிழைப்பு கெடும் என்ற பயம். நடப்பது மறுவளமாகத்தான் இருக்கும். புள்ளரையும் டோர்க் றெஞ்சையும் கூடுதலாக இரவல் எடுக்கப்போகிறவர் கராச்காரரே. அதிலும் பயிற்சி முடித்து, கையில் சான்றிதழோடும் ஒரு ஸ்பனர் செட்டோடும் ஊருக்கு வருகிற இளைஞர். மாலைக்குள் மக்னற்றைச் சேதமில்லாமல் கழற்றிக் கொடுத்தால் அவருடைய பெயர் எழும்பும்.

நாலாவது மறுப்புத்தான் கனமானது. கருவியைப் பாவிக்கத் தெரியாதவர் கையில் அது போனால் என்ன செய்வது? இறுகிய நட்டை டோர்க் றெஞ்சால் கழற்ற முயன்றால் றெஞ்சின் அளவு பிசகிவிடக்கூடும். பிசகியது வெளியே தெரியாது, அடுத்தவர் அதை நம்பி இறுக்குவார். ஆகவே அளக்கும் கருவிகளை வீட்டுப் பாவனைக்கு விடாமல், தொழில் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பது நல்லது. வருடத்துக்கு ஒரு தரம் அவற்றைச் சரிபார்க்கவேண்டும். அதற்கு வன்னியில் இடமில்லாமல் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. அதே அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இருக்கிறது. வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. ஊர்ச் சங்கங்களின் கருவிகளை வருடாந்தம் சோதித்துக் கொடுப்பதும், மாணவர் செயற்திட்டமாக லைனர் புள்ளரையும் பெயாரிங் புள்ளரையும் கடைந்து சங்கங்களுக்குக் கொடுப்பதும் இந்த நிறுவனங்களுக்குப் பாரமான வேலை அல்ல. மாணவருக்கும் அது வீணாகாத பயிற்சி.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஊர் ஒன்றியங்கள் கோயிலுக்கும் பாடசாலைக்கும் மைதானத்துக்கும் கொடுக்கிற காசில் ஒரு சிறு பங்கு இந்த அலுமாரியை நிரப்பும். ஆனால் அங்கே வாங்கிப் பெட்டியில் போட்டு அனுப்புவதற்கு முன் இரண்டு விடயத்தைக் கவனிக்கவேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்கிற சொக்கற் செட்டுகளில் பலவற்றில் அங்குல அளவு கலந்திருக்கும். வன்னியில் ஓடும் ஜப்பானிய, இந்திய வாகனங்களோ மில்லிமீற்றர் அளவு. அங்குலச் சொக்கற்றை ஏற்றித் திருகினால் நட்டின் மூலைதான் உருளும். அதேபோல, அங்கே 120 வோல்ட்டில் ஓடும் டிறிலையும் கிறைண்டரையும் இங்குள்ள 230 வோல்ட்டில் நேரே செருகினால் அன்றைக்கே எரிந்துவிடும். பொருளை அனுப்புவதைவிட, ஊரில் வேலை செய்பவர்களிடம் தேவையைக் கேட்டு இங்கேயே வாங்க உதவுவது மேல்.

எந்தச் சாமான்கள் என்பதை வெளியிலிருந்து எவரும் தீர்மானிக்கக்கூடாது. பூநகரியின் பட்டியல் வேறாக இருக்கும், கடற்கரைச் சங்கத்தின் பட்டியல் வேறாக இருக்கும், செட்டிக்குளத்தின் தோட்டக்காரர்களின் பட்டியல் வேறாக இருக்கும். கடந்த வருடம் எந்த வேலைக்காக யாழ்ப்பாணமோ அனுராதபுரமோ போகவேண்டி வந்தது, எந்தச் சாமான் இல்லாமல் எந்தப் பொருள் உடைந்தது என்று ஊரின் மெக்கானிக், மேசன், பிளம்பர், மின்வேலை செய்பவர், படகு இயந்திரம் பார்ப்பவர் ஆகியோரை ஒரு பின்னேரம் கூட்டிவைத்துக் கேட்டால் பட்டியல் தானாக வரும். அந்தக் கூட்டத்துக்குக் குடும்பத் தலைவிகளையும் கூப்பிடவேண்டும். போருக்குப் பின் தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் வன்னியில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பம்ப் பழுதானால் திருத்துபவர் சொல்வதைக் கேட்டுக் காசு கட்டவேண்டியவர்கள் அவர்கள். எது எப்படிக் கெட்டது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6 இல் நடந்து, பிரதேச சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். கரைச்சியிலும் பச்சிலைப்பள்ளியிலும் பூநகரியிலும், கரைதுறைப்பற்றிலும் புதுக்குடியிருப்பிலும் துணுக்காயிலும் மாந்தை கிழக்கிலும், வவுனியா வடக்கிலும் செட்டிக்குளத்திலும் வருட முடிவில் பாதீடு போடுவார்கள். சனசமூக நிலையங்களுக்கு ஒதுக்கும் தொகையில் கருவிக்கென்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி உங்கள் வட்டாரத்து உறுப்பினரிடம் கேளுங்கள். கேட்பதற்கு முன், உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் பட்டியலைத் தயாரித்து, தீர்மானமாக எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.